இடுப்பைக் கீறாமல் எலும்பு ஒட்ட முடியாதா? பவளம், சிப்பி, பிரம்பு, மாட்டெலும்பு...

கேள்வி: 3 பிப்ரவரி, மாலை

அப்பாவுக்கு 61 வயது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ஏழு மாதம் ஆகிறது. உள்ளே ராடு போட்டும் ஒரு இடம் மட்டும் கூடவே இல்லை. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து அங்கே வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். பவளம், முத்துச்சிப்பி, கணவாய் ஓடு, ஏன் பிரம்பிலிருந்துகூட எலும்பு செய்கிறார்கள் என்று படித்தேன். எல்லாம் இயற்கைப் பொருள்தானே, உடம்பு தானாக ஏற்றுக்கொள்ளும். பிறகு எதற்கு நன்றாக இருக்கிற இடுப்பை வெட்ட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி, இரவு

என் இடுப்பையும் வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் சில வருடம் ஒரு பீங்கான் ஆய்வகத்தில் கணவாய் ஓட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுருக்கமான பதில்: உங்கள் டாக்டர் சொல்வது சரி.

எனக்கும் அதே கீழ்க்கால் எலும்புதான், அதே கதைதான். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போக வைத்தார்கள். வலி இல்லை. ஆனால் உளியின் தலையில் சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டது. காதால் என்றுகூடச் சொல்ல முடியாது; முதுகெலும்பு வழியாக ஏறி வந்து பல்லில் கேட்டது. யாரோ பக்கத்து அறையில் நிலைக்கதவு பொருத்துவது போல. அந்தக் கதவு நான்தான் என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது.

கால் ஆறிவிட்டது. இடுப்புதான் பாடாய்ப் படுத்தியது. இருமினால், தும்மினால், படுக்கையில் புரண்டால் உயிர் போகும். இதை எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆகவே உங்கள் கேள்வியில் இருக்கும் எரிச்சல் எனக்குப் புரியும்.

ஆனாலும் ஏன் இடுப்பு? வீடு கட்ட மூன்று வேண்டும். சாரம், கொத்தனார், மேஸ்திரி. சாரம் என்றால் செல்கள் ஏறி நின்று வேலை செய்ய ஒரு தாங்கல். கொத்தனார் என்றால் எலும்பு கட்டுகிற உயிருள்ள செல்கள். மேஸ்திரி என்றால் 'இங்கே கட்டு' என்று செல்களை அழைத்து வேலை ஏவுகிற புரதங்கள். சொந்த இடுப்பெலும்பில் மூன்றும் சேர்ந்து வருகின்றன. நீங்கள் படித்த பவளம், சிப்பி, பிரம்பு எல்லாம் பெரும்பாலும் சாரம் மட்டும்தான்.

4 பிப்ரவரி

இது ஒன்றும் புது ஆசை இல்லை. மீக்கரன் என்கிற டச்சு அறுவை மருத்துவர் ஒரு ரஷ்யப் போர்வீரனின் மண்டையோட்டு ஓட்டையை நாயின் மண்டையோட்டுத் துண்டை வைத்து அடைத்தார், 1668-இல். ஆள் பிழைத்துவிட்டான். ஆனால் தலையில் நாயெலும்பு இருக்கிறது என்று திருச்சபை அவனை ஒதுக்கிவைத்தது. அவன் திரும்பி வந்து 'எடுத்துவிடுங்கள்' என்று கேட்டபோது எடுக்க முடியவில்லையாம். அவ்வளவு நன்றாகச் சேர்ந்துவிட்டது. எலும்பு ஒட்டு பற்றிய எந்தப் பேச்சும் இந்தக் கதையைச் சொல்லாமல் தொடங்காது. நானும் சொல்லிவிட்டேன்.

5 பிப்ரவரி

பவளத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் மெய்யாகவே அறுவை அறைவரை போய்ச் சேர்ந்தவற்றில் அது ஒன்று.

1970-களின் தொடக்கத்தில் சிலர் பவள எலும்புக்கூட்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து அசந்துபோனார்கள். துளைகள் எல்லாம் ஒன்றோடொன்று வழி விட்டு, ஏறக்குறைய ஒரே அளவில், நம் எலும்பின் உள்ளே இருக்கிற பஞ்சு போன்ற பகுதியை உரித்து வைத்தாற்போல் இருந்தது. போரைட்டிஸ் என்ற பவளத்தில் துளை சுமார் 200 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றுதான் ஒரு மைக்ரான்), கோனியோபோரா என்ற பவளத்தில் சுமார் 500. இந்த அளவு ஏன் முக்கியம்? துளை 100 மைக்ரானுக்குக் கீழே போனால் எலும்பு உள்ளே வளரத் திணறும். ரத்தக்குழாய் நுழைய வேண்டும், அதன் பின்னால்தான் எலும்பு வரும். துளை இருந்தால் மட்டும் போதாது, ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குப் போக வாசலும் வேண்டும். செயற்கையாக இப்படி ஒரு துளைக்கூட்டம் செய்ய அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. கடலில் அது சும்மா கிடந்தது.

ஒரே சிக்கல்: பவளம் கால்சியம் கார்பனேட். எலும்பின் தாது கால்சியம் பாஸ்பேட் வகை, அதிலும் ஹைட்ராக்சிஅபடைட் என்ற தாதுவுக்கு நெருங்கிய உறவு. 1974-இல் ராய், லினஹன் என்ற இருவர் பவளத்தைப் பாஸ்பேட் கரைசலோடு மூடிய கலத்தில் வைத்து, 200 டிகிரிக்கு மேல் சூடும் கடும் அழுத்தமும் கொடுத்து, உருவம் கலையாமல் பொருளை மட்டும் மாற்றிக் காட்டினார்கள். கார்பனேட் வெளியே, பாஸ்பேட் உள்ளே. துளை அப்படியே. அது வணிகப் பொருளாகி 1992-இல் அமெரிக்காவில் அனுமதியும் வாங்கியது.

குறை: அது கரைவதே இல்லை. வருடக்கணக்கில் எக்ஸ்ரேயில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும்.

5 பிப்ரவரி, அதே இரவு

'பவள மோதிரம் போட்டிருக்கிறேன், எலும்புக்கு நல்லதா?' என்று கேட்டவருக்கு: நகையில் பதிக்கிற சிவப்புப் பவளம் வேறு இனம், பாறை கட்டுகிற பவளம் வேறு இனம். மோதிரம் விரலெலும்புக்கு வெளியே இருக்கும்வரை கெடுதல் இல்லை.

8 பிப்ரவரி

கணவாய் ஓடு. இது என் சொந்தக் கதை, நீளமாகத்தான் இருக்கும்.

கணவாயின் முதுகுக்குள் இருக்கும் அந்த வெள்ளை ஓடு, பழைய வைத்தியத்தில் கடல்நுரை என்று பெயர். பெயர் வைத்தவர் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார் என்பது தெளிவு. ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் நகத்தால் கீறினால் மாவாக உதிரும். பிளேடால் குறுக்கே வெட்டி லென்ஸில் பார்த்தால் அடுக்குமாடிக் கட்டடம். மெல்லிய தளம், அதன் மேல் வளைந்து நெளிந்த குட்டிச் சுவர்கள், மறுபடி தளம். மாடிக்கு மாடி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மொத்தக் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் இடம். கணவாய் அதில் காற்றும் நீரும் மாற்றி மாற்றி நிரப்பித்தான் மிதப்பைச் சரிசெய்கிறது.

வேலை என்னவென்றால் சிறு கட்டிகளாக வெட்டி, புரதம் போக ஊறவைத்து, பாஸ்பேட் கரைசலோடு டெஃப்ளான் உறை போட்ட எஃகுக் கலத்தில் அடைத்து, 200 டிகிரி அடுப்பில் வைப்பது. முதல் தடவை 12 மணி நேரம் வைத்தேன். திறந்ததும் ஓர் ஏமாற்றம்: போட்டது போலவே வந்திருந்தது. அதுதான் வெற்றி என்று புரிய ஒரு நிமிடம் பிடித்தது, உருவம் மாறக்கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும். துள்ளிக் குதித்துப் பொடித்து எக்ஸ்ரே சோதனைக்குக் கொடுத்தால், பாதி பழைய அரகோனைட்டே, அதாவது ஓட்டின் அசல் கால்சியம் கார்பனேட். ஓரம் மாறியிருக்கிறது, நடு மாறவில்லை. நேரத்தைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் இரண்டு நாள் வைத்தபோது முழுதும் மாறியது.

எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஓர் எலும்பு மருத்துவரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் வாங்கிக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினார். பொடி. மேசையைத் தட்டிவிட்டு, 'துளையில் நான் இதை அழுத்தி அடைக்க வேண்டும் தம்பி' என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பாரத்தை ராடும் பிளேட்டும் தாங்கும், சரி. ஆனால் மருத்துவர் கைக்குக்கூடத் தாங்காத பொருள் ஆய்வேட்டோடு நின்றுவிடும். பாலிமர் பூச்சு கொடுத்துப் பலப்படுத்தலாம், நாங்களும் கொடுத்தோம். பூச்சு துளையை அடைத்தது. துளையைத் திறந்தால் பலம் போனது. இப்படியே இரண்டு வருடம்.

9 பிப்ரவரி

திருத்தம். நாலாம் தேதி எழுதியதில் தப்பு. மீக்கரன் அந்த அறுவையைச் செய்யவில்லை. வேறொருவர் செய்ததாக ஒரு கடிதம் வழியாகக் கேள்விப்பட்டதை எழுதிவைத்தார், அது 1668-இல் அச்சானது. ஆக இரண்டாம் கை, மூன்றாம் கைச் செய்தி. நாயெலும்பு அவ்வளவு அழகாகச் சேர்ந்தது என்பதை இப்போது நான் நம்பவில்லை. ஓட்டையின் ஓரத்திலிருந்து அவன் சொந்த எலும்பே வளர்ந்து மூடியிருக்கலாம். உறுதியான முதல் பதிவு வேண்டுமென்றால் கிளாஸ்கோவில் மக்யூவன் என்ற அறுவை மருத்துவர். கையெலும்பு சீழ்பிடித்துப் போன ஒரு சிறுவனுக்கு, ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோயால் வளைந்த கால்களை நிமிர்த்தும்போது மற்றக் குழந்தைகளிடமிருந்து வெட்டி எடுத்த எலும்புச் சீவல்களை வைத்து, 1880 வாக்கில் கையை மீட்டுக் கொடுத்தார்.

12 பிப்ரவரி

'இயற்கை என்றால் உடம்பு ஏற்கும், செயற்கை என்றால் தள்ளும்' என்று இன்னும் மூன்று பேர் எழுதிவிட்டார்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இருப்பதிலேயே அசல் இயற்கை எது? பச்சை மாட்டெலும்பு. அதை அப்படியே வைத்தால் உடம்பு துரத்தி அடிக்கும். அதன் புரதமும் கொழுப்பும் நமக்கு அந்நியம். 1950-களில் ஜெர்மனியில் கீல் எலும்பு என்று ஒன்று வந்தது, பாதி பதப்படுத்திய கன்று எலும்பு. கொஞ்ச காலம் ஓடியது, அப்புறம் மதிப்பிழந்தது. இன்று பல் மருத்துவத்தில் ஏராளமாகப் பயன்படும் மாட்டெலும்புத் துகள் வேறு: சூட்டாலும் ரசாயனத்தாலும் உயிர்ப்பொருள் அத்தனையும் நீக்கி, வெறும் தாதுவை மட்டும் மிச்சம் வைப்பது. மாட்டு மூளை நோய் பயம் வந்த பிறகு எந்த நாட்டு மந்தை என்பது முதல் எல்லாவற்றுக்கும் கெடுபிடி. ஆக உடம்பு ஏற்றுக்கொண்டது மாட்டை இல்லை, மாடு கட்டிவிட்டுப் போன கட்டடத்தை. பவளமும் அப்படியே, கணவாயும் அப்படியே. உள்ளே இருந்தவரைக் காலி செய்துவிட்டுத்தான் நமக்கு வாடகைக்கு வருகிறது.

என் வாயிலும் அது இருக்கிறது என்பது வேறு விஷயம். கடைவாய்ப்பல் பிடுங்கிய குழியில் 'எலும்புப் பொடி' வைக்கிறோம் என்றார்கள். சின்னக் கண்ணாடிக் குப்பி, கல்லுப்பு போலத் துகள், என் ரத்தத்தில் குழைத்ததும் ஈரமணல் போல ஒட்டிக்கொண்டது. கையெழுத்து போட்டேன். மூன்று மாதம் கழித்து எதற்கோ கோப்பைப் புரட்டும்போது அதில் ஒட்டியிருந்த குப்பியின் ஸ்டிக்கரைப் படித்தேன், மாடு என்று இருந்தது. ஆய்வகத்தில் இதே பொருளைப் பற்றி வகுப்பெடுத்த எனக்கே அப்போதுதான் தெரியும். சொல்லியிருந்தாலும் சம்மதித்திருப்பேன். சொல்லவில்லை என்பதுதான் உறுத்தல்.

12 பிப்ரவரி, பின்குறிப்பு

மாடு, பன்றி வேண்டாம், இறந்தவர் எலும்பு வேண்டாம் என்று நம்பிக்கை காரணமாக நினைப்பவர்கள் அறுவைக்கு முந்தைய நாளே வாய்விட்டுக் கேளுங்கள். 'கொலாஜன் படலம்', 'பஞ்சு', 'பொடி' என்ற பேச்சில் எந்தப் பிராணி என்பது வராது. முழுச் செயற்கைக் கால்சியம் பாஸ்பேட்டும் உண்டு, கேட்டால் சொல்வார்கள்.

15 பிப்ரவரி

முத்துச்சிப்பியை மறந்துவிட்டேன் என்று ஒருவர் குத்திக்காட்டியிருக்கிறார். மறக்கவில்லை, ஆசையாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

1931-இல் ஹோண்டுராஸில் ஒரு தாடையெலும்புத் துண்டு கிடைத்தது. மாயா காலம், கி.பி. 600 வாக்கில் என்கிறார்கள். கீழ்வரிசை முன்பற்கள் மூன்றின் இடத்தில் பல் வடிவில் செதுக்கிய சிப்பி ஓட்டுத் துண்டுகள். செத்த பிறகு அலங்காரத்துக்குச் செருகியது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1970-இல் பொபியோ என்ற பிரேசில் பல் மருத்துவப் பேராசிரியர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், இரண்டு துண்டுகளைச் சுற்றி எலும்பு இறுக வளர்ந்திருக்கிறது. உயிரோடு இருந்தபோதே நட்டது! மயக்க மருந்து இல்லாத காலத்தில் அந்த ஆள் எப்படி உட்கார்ந்திருந்தாரோ.

1992-இல் பாரிஸில் எவ்லின் லோபஸ் குழுவினர் சிப்பியின் உள்பூச்சான முத்துப்படலச் சில்லுகளை மனித எலும்புச் செல்களோடு வளர்த்தபோது செல்கள் சில்லுகளின் மேலேயே தாதுவைப் படியவைத்தன. முத்துப்படலத்தில் 5 சதவீதம் போல உயிர்ப்பொருள் இருக்கிறது, அதில் எலும்புச் செல்லுக்குப் புரிகிற ஏதோ சைகை இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

ஆகவே 'எல்லாம் சாரம் மட்டும்தான்' என்று மூன்றாம் தேதி அடித்துச் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். சிப்பியில் அரைகுறையாக ஒரு மேஸ்திரியும் இருக்கலாம். ஆனால் சிப்பியில் துளை கிடையாது. கெட்டி. மேஸ்திரி இருக்கிறார், ஏறி நிற்க இடம் இல்லை.

20 பிப்ரவரி

மேஸ்திரி யார் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கோழி எலும்பை வினிகரில் ஒரு வாரம் போட்டு வைத்தால் ரப்பராக வளையும், பலர் சின்ன வயதில் செய்திருப்பீர்கள். தாது கரைந்து கொலாஜன் என்ற நார்ப் புரதம் மட்டும் நிற்கிறது. மார்ஷல் யூரிஸ்ட் என்பவர் வினிகருக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எலும்பை அப்படிக் கரைத்து, மிச்சத்தை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். எலும்புக்குள் இல்லை, தசைக்குள். அங்கே புது எலும்பு முளைத்தது. 1965-இல் வெளியிட்டார். கொலாஜனோடு ஒட்டியிருந்த ஒரு புரதக் குடும்பம்தான் காரணம் என்று பின்னால் தெரிந்தது, பிஎம்பி என்று பெயர்.

தாது நீக்கிய மனித எலும்பு இன்று களிம்பு போலக் கிடைக்கிறது. பிஎம்பி-2 புரதத்தைத் தனியாகச் செய்து மாட்டுக் கொலாஜன் பஞ்சில் நனைத்து வைக்க 2002-இல் முதுகெலும்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இடுப்பை வெட்ட வேண்டாம் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். எலும்பில் இயல்பாக இருப்பதைவிட மிக மிக அதிக அளவு தேவைப்பட்டது. கழுத்தெலும்பில் வைத்தவர்களுக்குத் தொண்டை வீங்கி மூச்சு திணறியது, 2008-இல் எச்சரிக்கை வந்தது. ஒரு மேஸ்திரி சத்தம் போட்டால் வேலை நடக்கும். ஒரே இடத்தில் லட்சம் மேஸ்திரி கத்தினால்?

21 பிப்ரவரி

தூங்கப் போனவன் திரும்பி வந்தேன். சாரம் உவமையில் ஓர் ஓட்டை. கட்டடச் சாரத்தை வேலை முடிந்ததும் ஆட்கள் பிரிப்பார்கள். இங்கே சாரம் தானாகக் கரைய வேண்டும், அதுவும் எலும்பு வளர்கிற அதே வேகத்தில். 1892-இல் டிரீஸ்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் எலும்புக் குழியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் அடைத்தார். நல்ல யோசனை, ஆனால் அது சில வாரங்களில் கரைந்துவிடும். எலும்பு வந்து பார்க்கும்போது சாரம் இருக்காது. மாற்றிய பவளமோ நேர் எதிர்.

இதோடு ஐந்தாம் தேதிக் குறிப்பையும் திருத்த வேண்டும். 'கரைவதே இல்லை' என்றது முழுக்க மாற்றிய பவளத்துக்குத்தான். மாற்றாத பவளம் கார்பனேட்டாகவே வைத்தால் நன்றாகக் கரையும், சில சமயம் அவசரமாகவே. இரண்டுக்கும் நடுவில் மேல்தோலை மட்டும் மெல்லிசாக மாற்றி உள்ளே கார்பனேட்டை விட்ட வகையும் வந்தது. நான் முதல் தடவை 12 மணி நேரத்தில் எடுத்து 'தோல்வி' என்று குப்பையில் போட்டேனே, ஓரம் மாறி நடு மாறாத கணவாய்க் கட்டி, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. பொறுமையாக யோசித்திருக்கலாம்.

2 மார்ச்

பிரம்பு. எனக்குப் பிடித்தது இதுதான், ஆகவே பாரபட்சம் உண்டு.

இத்தாலியில் ஃபயென்ஸா என்ற ஊரில், பீங்கானுக்கே பேர்போன ஊர், அன்னா தம்பியெரி குழுவினர் செய்தது. பிரம்பின் உள்ளே நீள நீளமாகக் குழாய்கள் ஓடும். நாற்காலிப் பிரம்பை வெட்டிய முகத்தில் வாய் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும், செய்து பாருங்கள். கால் எலும்பின் நீளக் குழாய் அமைப்புக்கு இது பவளத்தைவிட நெருக்கம். பிரம்பைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்குகிறார்கள். கரிக்குள் கால்சியம் ஆவியை ஏற்றிக் கார்பைடு ஆக்குகிறார்கள். அதை ஆக்சைடு ஆக்கி, கார்பனேட் ஆக்கி, கடைசியில் பாஸ்பேட். ஒவ்வொரு படியிலும் உருவம் மட்டும் மிஞ்சுகிறது. முடிவில் கையில் இருப்பதில் பிரம்பின் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம், ஆனால் பிரம்புதான். இதை 'இயற்கை' என்று சொல்வதா 'செயற்கை' என்று சொல்வதா என்று மேலே சண்டை போட்டவர்கள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு வசதி, பிரம்பு வெட்டினால் முளைக்கும். பாறைப் பவளங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன, இருக்கத்தான் வேண்டும்.

3 மார்ச்

கேள்வி கேட்டவருக்கு, இவ்வளவு அளந்துவிட்டு உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. அப்பா புகைப்பவரா? சர்க்கரை உண்டா? எலும்பு கூடாததற்கு இரண்டும் பெரிய காரணம். முறிந்த இடத்தில் மறைந்த கிருமித் தொற்று இல்லை என்று பார்த்துவிட்டார்களா? அது இருந்தால் எந்த ஒட்டும் வீண். இடுப்புக்குப் பதில் தொடையெலும்பின் குழாய்க்குள் இருந்து சீவி உறிஞ்சி எடுக்கும் முறை அங்கே உண்டா என்றும் கேளுங்கள். அதுவும் சொந்த எலும்புதான், வலி குறைவு என்கிறார்கள்.

30 மார்ச்

தகவல் வந்தது. இடுப்பிலிருந்தே எடுத்தார்களாம், அளவு போதாமல் எலும்பு வங்கித் துகளும் (தானமாக வந்த மனித எலும்பு) கொஞ்சம் கலந்தார்களாம். சொந்தக் கொத்தனார், இரவல் சாரம். அப்பா எதிர்பார்த்தபடியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு திட்டுகிறாராம்.

வெட்டாத பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். இருமல் வந்தால் தலையணையை வெட்டிய இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். இது எனக்குப் பன்னிரண்டாம் நாள்தான் தெரிந்தது, பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிக் கொடுத்தார்.